மூன்று முறை கூப்பிட வேண்டும்

கோர்ட்டில் அவருக்கு வெண்கலம் என்று பேர். அதை யார் வைத்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பதை அவர் வாயைத் திறந்ததுமே எல்லாரும் தெரிந்துகொண்டார்கள். மாடியில் நீதிபதியின் அறைக் கதவை ஒட்டி நின்று வழக்குக்காரர்களின் பேரைக் கூப்பிடுகிற டவாலி வேலை அவருக்கு. ஒரு பேரை மூன்று முறை கூப்பிட வேண்டும். வெண்கலம் கூப்பிட்டால் நீண்ட வராந்தாவின் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். கீழே சைக்கிளுக்குப் பூட்டுப் போடுகிறவன் தன்னைத்தானோ என்று நிமிர்ந்து பார்ப்பான்.

மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால், வந்திருக்கிற எதிராளி சொல்வதை மட்டும் கேட்டு நீதிபதி முடிவு சொல்லிவிடலாம். எக்ஸ்பார்ட்டி என்பார்கள். ஒருவன் வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் வீடு கைவிட்டுப் போய்விடலாம். அதனால் அந்த மூன்று கூப்பாட்டில் வெண்கலம் ஒருநாளும் சோம்பல் காட்டியதில்லை. அதைத் தாண்டி அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதற்கு அதிகமில்லை. முன்கோபக்காரர். சாப்பாட்டில் உட்கார்ந்ததும் உப்பில் குறை கண்டுபிடிப்பார். இரவல் கொடுத்த குடை கம்பி ஒடிந்து திரும்பி வந்ததற்காக, சொந்த மைத்துனனோடு பல வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர். எதையும் மறக்கத் தெரியாது. மனிதரிடம் தாராளமாக இருந்தது குரல் ஒன்றுதான்.

வீட்டிலும் அப்படியே. சாயங்காலம் தெருமுனையில் திரும்பும்போதே, "இந்தா, காப்பிக்குத் தண்ணி வை" என்பார். வீட்டில் அடுப்பு எரியும். பக்கத்து வீட்டுக்காரியும் தன் புருஷன் வந்துவிட்டான் என்று அடுப்பை மூட்டுகிறாள் என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ள அவர் தன் காலால் நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பெரிய ஆபரேஷன் இல்லை, மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மேஜையில் படுத்ததும் தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர் வந்து நின்றார். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார். வெண்கலம் எண்ணினார். அவருக்கு மெதுவாக எண்ணத் தெரியாது. அறையில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"கொஞ்சம் மெதுவா எண்ணுங்க, பெரியவரே. பக்கத்து ரூம்ல நான் தூங்க வெச்ச ஆளை எழுப்பிடாதீங்க" என்றார் டாக்டர்.

வெண்கலமும் சிரித்தார். அடுத்த எண்ணைச் சொன்னாரா இல்லையா என்பது தெரியாது. அந்தக் குரல் கடைசியாகச் செய்த வேலை அதுதான்.

கண் விழித்தபோது தொண்டையில் முள் நின்றது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தார். காற்று வந்தது. காற்றோடு ஓரத்தில் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது, கிழிந்த காகிதத்தை உரசுவது போல. கொடுத்த தண்ணீரும் இறங்க வேண்டிய வழியில் இறங்காமல் புரையேறியது. சாயங்காலம் அதே டாக்டர் வார்டுக்குள் வந்தார். மயக்கத்தில் இருக்கும்போது மூச்சுக்காகத் தொண்டைக்குள் குழாய் விட்டிருந்தோம், அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும், எல்லாருக்கும் இருப்பது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்.

இரண்டு நாளில் சரியாகவில்லை. வெண்கலம் திரும்பிப் போனார். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். இன்னும் சில நாள் கழித்துப் போனார். இதற்கெல்லாம் அவரைப் பார்க்க வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லியனுப்பியதாக நர்ஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். பெரிய டாக்டர் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறாரே என்று வெண்கலமும் காத்திருந்தார். காத்திருந்ததில் மாதங்கள் போய்விட்டன.

கடைசியில் மனைவி பிடிவாதமாக அவரை ஒரு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த டாக்டரம்மா மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுத் திரையைக் காட்டினார். குரல்நாண்கள் இரண்டும் கதவுகளைப் போலத் தெரிந்தன. ஒரு கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. இன்னொன்று அசையாமல் நின்றது. குழாய் போகும்போது இந்தப் பக்கத்துக் குட்டிக் குருத்தெலும்பு இடம் விலகியிருக்கிறது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் எப்போதாவது அப்படி நேர்ந்துவிடும் என்றார். தொடக்கத்தில், சில வாரத்துக்குள் யாராவது பார்த்திருந்தால் நகர்த்தி வைத்துப் பார்த்திருக்கலாம். இப்போது அங்கேயே இறுகிவிட்டது. பயிற்சி செய்தால் பேச்சு கொஞ்சம் தெளியும். பழைய சத்தம் வராது.

அந்த அம்மாள் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் வெண்கலம் வீட்டுக்கு எடுத்து வந்தது ஒரே ஒரு வாக்கியத்தைத்தான். யாராவது பார்த்திருந்தால்.

அவர் யோசிக்கிற பழக்கம் உள்ளவர் இல்லை. குரல் இருந்தவரை அதற்கு அவசியமும் வரவில்லை. இப்போது வாய் சும்மா இருந்ததால் யோசித்தார். கை தவறுவது யாருக்கும் நடக்கும். குழாயை அவரால் மன்னிக்க முடிந்தது. ஆனால் மிச்சமிருந்த குரலை எல்லாம் திரட்டிக்கொண்டு போய், குரல் போய்விட்டது என்று ஒருவன் சொல்கிறான். எதிரே இருப்பவனுக்குக் காது இருக்கிறது, அந்தக் காதில் அது விழவும் செய்கிறது, அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. இதைக் கை தவறியது என்று சொல்ல முடியாது. இதற்கு என்ன பேர் என்று வெண்கலத்துக்குத் தெரியவில்லை. பேர் தெரியாதபோதும் அது நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் புகார் கொடுத்தார். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அங்கேதான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். பெரிய மனிதர்கள் முன்னால் கரகரவென்று நிற்பது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. முதல்நாளே பேச்சை நிறுத்தி, தொண்டைக்கு ஆவி பிடித்து, குரலைத் தேற்றி வைத்துக்கொண்டார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்க பொண்ணு பார்க்கவா போறீங்க? எப்படி இருக்கோ அப்படியே போய் நில்லுங்க" என்றாள்.

கேட்கவில்லை. விசாரணை நடந்தது ஒரு சின்ன அறையில். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வெண்கலம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக உந்தித் தள்ளினார். அவர் சொல்லி முடித்ததும், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மயக்க மருந்து டாக்டர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இவர் பேசறது நமக்கெல்லாம் நல்லாத்தானே கேக்குது" என்றார். "வயசானா கொஞ்சம் கரகரப்பு இருக்கத்தான் செய்யும். குரல்ல குறைன்னு ஒண்ணும் இல்லை."

விசாரணை அதோடு முடிந்தது.

கோர்ட்டில் வெண்கலம் தகரமாகிவிட்டது என்று குமாஸ்தாக்கள் சொல்லிச் சிரித்தார்கள். ஆனாலும் அவரைக் கைவிடவில்லை. மேலிடத்திலிருந்து எப்போதோ வந்திருந்த ஒலிபெருக்கி ஒன்று அட்டைப் பெட்டியைப் பிரிக்காமலே தலைமைக் குமாஸ்தாவின் மேஜைக்கு அடியில் கிடந்தது. அதை மாட்டினால் கதவோரத்தில் ஆள் வேண்டியதில்லை. தலைமைக் குமாஸ்தா அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு, யாராவது புகார் சொன்னால் அன்றைக்கு இதைப் பிரித்தே ஆக வேண்டும், அதுவரைக்கும் இது என் கால்பலகை என்று சொல்லிவிட்டார்.

அதோடு இன்னொரு ஏற்பாடும் தானாக அமைந்தது. வராந்தாவின் பாதியில் ஸ்டாம்ப் விற்கிற பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். வயதில் பெரியவர்களுக்கும் அவள் ஸ்டாம்ப் அக்காதான். வெண்கலம் கதவோரத்தில் நின்று ஒரு பேரைச் சொன்னால் அவள் தலையைத் தூக்கி அதை வாங்கி வராந்தாவின் கடைசிக்கு எறிவாள். அவள் தொண்டைக்கு எந்தக் குழாயும் போனதில்லை. உள்ளே இருக்கிற நீதிபதிக்கு இரண்டு குரலும் ஒன்றாகவே கேட்டிருக்கும். நன்றி சொல்ல வெண்கலத்துக்குக் கூச்சம். அவளும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் அப்படி யாரும் இல்லை. தெருமுனையில் அவர் பேசாமல் திரும்பினார். சாப்பிடும்போது குழம்பு வேண்டுமென்றால் கரண்டியால் தட்டில் தட்டினார். "நான் என்ன ஹோட்டல் சர்வரா?" என்று மனைவி கேட்டாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போய் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் அந்த மயக்க மருந்து டாக்டர் மாடிப்படி ஏறி வந்தார்.

முகமூடி இல்லை. விசாரணையில் பார்த்த முகம்தான் என்றாலும் வெண்கலத்துக்கு முதலில் பிடிபட்டது குரல். பக்கத்தில் வந்த வக்கீலிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அதே சிரிப்பு. வெண்கலத்தின் கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. டாக்டர் அவரைப் பார்த்தார், பார்த்துவிட்டுக் கதவைப் பார்ப்பது போலத் தாண்டிப் போனார். படுத்துக் கிடக்கிற எத்தனையோ பேரைப் பார்த்தவர். நிற்கிற ஒருவரை நினைவு வைக்கவில்லை போலும்.

வழக்கு, தாய் விட்டுப்போன வீட்டைப் பற்றியது. அண்ணன் தனக்கு மட்டும் என்றார். தம்பியான டாக்டர் பாதி கேட்டார். வாய்தா மேல் வாய்தாவாக அது ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த நீதிபதி கண்டிப்பானவர். கூப்பிட்டு வராதவருக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க மாட்டார். சாட்சி சொல்ல டாக்டர் நேரில் வர வேண்டிய நாள் குறிக்கப்பட்டது.

அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு குறைவாக இருந்தும் வெண்கலம் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி சந்தேகப்பட்டு நோண்டிக் கேட்டாள். சொன்னார். அவள் சட்டென்று புரிந்துகொண்டாள்.

"அந்தாளுக்குக் காதுல விழாமக் கூப்பிடப் போறீங்க."

"நல்லாத்தான் கூப்பிடுவேன்."

"அவர் போய் எனக்குக் கேக்கலைன்னு சொல்லுவார். அப்ப அந்தப் பெட்டியைப் பிரிப்பாங்க. வாசல் போயிடும். நின்னு கூப்பிடறதுக்கு உங்களுக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

"அந்த ஒரு சொல்லை அவர் வாயால சொல்லணும்" என்றார் வெண்கலம். "கேக்கலைன்னு. கோர்ட்ல, சத்தியம் பண்ணி. அதுக்கு அந்த வாசல் போனாப் போகட்டும்."

குடைக்காக அவளுடைய தம்பியோடு வருடக்கணக்கில் பேசாதவர் என்று அவளுக்குத் தெரியும்.  தட்டில் ஒரு கரண்டி குழம்பை அவர் தட்டாமலே ஊற்றினாள்.

குறித்த நாளில் வெண்கலம் ஸ்டாம்ப் அக்காவிடம் போய் ஒரு பேரைச் சொன்னார். இன்றைக்கு இந்த ஒரு பேரை மட்டும் வாங்க வேண்டாம், தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"ஏன், அது மட்டும் உனக்குச் சொந்தமா?"

"ஆமாக்கா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கதையைப் பலமுறை கேட்டவள். கடைசி பெஞ்சில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் பக்கம் ஒருமுறை திரும்பினாள். "பின்னாடி என்கிட்ட வந்து அழாதே" என்று மட்டும் சொல்லி, வெற்றுக் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

டாக்டரின் வக்கீலுக்குக் கீழ்த்தளத்தில் இன்னொரு வழக்கு. பேரைக் கூப்பிட்டதும் உள்ளே போய் நில்லுங்கள், நான் ஓடி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருந்தார். அண்ணனும் அவர் வக்கீலும் உள்ளேயே இருந்தார்கள். உள்ளேயிருந்து குமாஸ்தா வழக்கு எண்ணைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்.

வெண்கலம் கதவோரம் வந்து நின்றார். இங்கே அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் ஏமாற்றவில்லை. வாயைக் குவித்துக்கொண்டு முணுமுணுக்கவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பவில்லை. காலை அகட்டி நின்று, பழைய நாளில் எப்படி மூச்சை இழுப்பாரோ அப்படி இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க டாக்டரின் பேரை முழுசாகக் கூப்பிட்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடு வராந்தாவில் ஸ்டாம்ப் அக்கா காகிதத்தில் கண் வைத்திருந்தாள். இரண்டாவது முறை கூப்பிட்டார். இருமல் வந்தது, அதை விழுங்கினார். மூன்றாவது முறை கூப்பிட்டார். கடைசி பெஞ்சில் டாக்டரின் விரல் போனின்மேல் நகர்ந்துகொண்டிருந்தது.

மற்றவர்கள் தந்த உதவியை மட்டும் விலக்கிவிட்டார். மிச்சம் இருந்தது டாக்டர் அவருக்குக் கொடுத்த குரல். அதைக் குறைக்காமல் அப்படியே டாக்டரிடம் திருப்பி அனுப்பினார்.

"ஆள் இல்லைங்கய்யா" என்று உள்ளே போய்ச் சொன்னார்.

அண்ணனுக்கு வீடு என்று ஆயிற்று.

மத்தியானம் விஷயம் தெரிந்து வக்கீல் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஓடி வந்தார். உத்தரவை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டார். நீதிபதி டாக்டரைக் கூண்டில் ஏறச் சொன்னார். டாக்டர் சத்தியம் செய்துவிட்டு, தான் காலையிலிருந்து வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.

"பேர் கூப்பிட்டப்போ ஏன் வரலை?"

"எனக்குக் கேக்கலை, ஐயா."

கதவோரத்தில் நின்ற வெண்கலம் கண்ணை மூடிக்கொண்டார். முதல் வாய் சோற்றை விழுங்குகிறவர் போல இருந்தது அவர் முகம்.

அண்ணனின் வக்கீல் விடவில்லை. டவாலி மூன்று முறை கூப்பிட்டதை இந்தக் காதால் கேட்டேன் என்றார். டாக்டரின் வக்கீல், இந்த மனிதர் கூப்பிட்டால் நாலு ஆள் தாண்டிக் கேட்காது, கோர்ட்டில் எல்லாருக்கும் தெரியும் என்றார். நீதிபதி பேனாவை வைத்தார். டாக்டரை மறுபடியும் அதே பெஞ்சில் போய் உட்காரச் சொன்னார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, பேர் காதில் விழுந்தால் மட்டும் எழுந்திருக்க வேண்டும். வெண்கலத்தைக் காலையில் கூப்பிட்டது போலவே கூப்பிடச் சொன்னார். தானே எழுந்து வந்து கதவில் நின்றுகொண்டார். வராந்தா முழுக்கப் பேச்சு நின்றது.

வெண்கலம் கூப்பிட்டார். அந்த அமைதியில்கூட அது போய்ச் சேரவில்லை. டாக்டரின் முதுகு அசையவில்லை. மூன்றாவது முறை குரல் நடுவில் முறிந்து வெறும் காற்றாகிவிட்டது. யாரோ ஒரு வக்கீல் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"தினமும் இப்படித்தான் கூப்பிடறீங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"ஆமாங்கய்யா. மத்த நாள்ல ஒரு துணை இருக்கும். இன்னிக்கு இல்லை."

டாக்டரைத் திரும்ப அழைத்து வந்தார்கள். வெண்கலம் நீதிபதியைக் கும்பிட்டு, ஒன்று சொல்ல அனுமதி கேட்டார். பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அங்கே நின்றால்தான் அவர் பேச்சு கேட்கும்.

"ஐயா, என் குரல்ல குறை ஒண்ணும் இல்லைன்னு ஆஸ்பத்திரி விசாரணையில இந்த டாக்டர் சொன்னார். நமக்கெல்லாம் நல்லாக் கேக்குதுன்னு சொன்னார். அது நிஜம்னா காலையில அவருக்குக் கேட்டிருக்கணும். வீடு போகட்டும். கேக்கலைன்னா அன்னிக்குச் சொன்னது பொய். எதுன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க."

அப்போதுதான் டாக்டர் அவரை நன்றாகப் பார்த்தார். கண்ணில் ஏதோ தட்டிற்று. அவருடைய வக்கீல் எழுந்து, இந்த மனுவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டு, பதில் சொல்லுங்கள் என்றார்.

டாக்டர் கூண்டின் கம்பியைப் பிடித்தார். அண்ணன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீடா, அன்றைக்குச் சொன்ன சொல்லா என்று தராசு ஆடியது, எல்லாருக்கும் தெரியும்படி ஆடியது.

"குறை இருக்கு" என்றார் டாக்டர்.

"எதனால?" என்று நீதிபதி கேட்டார்.

"மயக்கம் குடுக்கறப்போ குழாய் போட்டது... அதனால இருக்கலாம்."

"அப்புறம் அவர் தொண்டையைப் பார்த்தீங்களா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "பார்க்கலை. வந்து சொன்னார். நான் பார்க்கலை."

அது பதிவாயிற்று. காலையில் போட்ட உத்தரவு ரத்தாயிற்று. வீட்டு வழக்கு மறுபடியும் வாய்தாவுக்குப் போயிற்று. நீதிபதி கடைசியாக ஒரு வரி சேர்த்தார். அடுத்த வாரத்திலிருந்து ஒலிபெருக்கி. தலைமைக் குமாஸ்தா மேஜைக்கு அடியிலிருந்து காலை இழுத்துக்கொண்டார்.

வெண்கலத்தைக் கீழே பழைய வழக்குக் கட்டுகள் வைத்திருக்கிற அறைக்கு மாற்றினார்கள். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாத அறை. மேலே இரும்புக் குழல் ஒன்று எல்லாப் பேரையும் ஒரே மாதிரி கூப்பிடுவது அங்கேயும் கேட்கும். முதல் நாள் வெண்கலம் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்டார். வருத்தமா என்று மனைவி கேட்டாள். இருக்கிறது என்றார். திரும்ப வாய்ப்புக் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டாள். இதையேதான் என்றார். ஒன்று இன்னொன்றைக் குறைக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, பேசிக்கொள்ளாத உறவுக்காரர்கள் மாதிரி.

அடுத்த வாய்தாவுக்கு வந்த டாக்டர் வழி விசாரித்துக்கொண்டு கட்டு அறைக்கு வந்தார். நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி இருந்தது. வெண்கலம் உட்காரச் சொல்லவில்லை.

"உங்களை ஞாபகம் வந்துடுச்சு" என்றார் டாக்டர். "ரொம்பச் சத்தமா எண்ணினீங்க."

"அதைக் கடைசியாக் கேட்டது நீங்கதான்" என்றார் வெண்கலம்.

டாக்டர் ஒரு அடி முன்னால் வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுங்க" என்றார்.

வெண்கலம் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். "கேக்கலை."

டாக்டர் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"கேக்கலை, டாக்டர்."

டாக்டரின் முகம் சிவந்தது. கதவு திறந்திருந்தது, வெளியே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் ஒருமுறை வாசலைப் பார்த்துவிட்டு, மூச்சை இழுத்து, முழுக் குரலில் அதைச் சொன்னார். மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். எதிர் அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. மேலேகூடக் கேட்டிருக்கும். நல்ல குரல்தான், இருமலோ பிசிரோ இல்லை.

வெண்கலத்துக்கு முதல் தடவையே தெளிவாகக் கேட்டிருந்தது. அவர் காதிலிருந்து கையை எடுத்தார். ஒரு கட்டை இழுத்து மடியில் வைத்து, மேலிருந்த தூசியைத் தட்டினார். டாக்டர் பதிலுக்காகக் காத்து நின்றார். வெண்கலம் கட்டின் நாடாவைப் பிரித்து, மறுபடியும் இறுக்கிக் கட்டி, அலமாரியில் அதன் இடத்தில் வைத்தார். மன்னிப்பை மூன்று முறை கூப்பிட்டாயிற்று. வர வேண்டிய ஆள் வரவில்லை. அதற்கு மேல் காத்திருக்கிற வழக்கம் அந்தக் கட்டிடத்தில் இல்லை.